அப்பா கேட்ட பத்துப் பாட்டு

என் தம்பி பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். மனைவியோடு அங்கேயே இருக்கிறான். லீவு நாட்களில் கிதாரைத் தூக்கிக்கொண்டு பாடப் போவான். அவன் பாடுவது 'கன்ட்ரி' பாட்டு. அமெரிக்காவில் லாரி ஓட்டுகிறவன், நிலத்தை விற்றவன், ஊரை விட்டுப் போனவன் எல்லாம் அந்தப் பாட்டுகளில் வருவார்களாம். ஒருநாள் போனில் சொன்னான்: "அந்த மாதிரியே நம்ம ஊரப் பத்தித் தமிழ்ல பாடப் போறேன்க்கா. இருபது பாட்டு. ரெண்டு இசைத்தட்டா வரும். முதல் தட்டுக்குப் பேரு 'போயிட்டு'. அடுத்ததுக்கு 'வாரேன்'."

எங்கள் ஊர் மதுரைக்குத் தெற்கே வில்லாபுரம். அம்மா இறந்த பிறகு அந்த வீட்டில் அப்பாவும் நானும் மட்டும்தான். எனக்குக் கல்யாணம் கூடிவரவில்லை. பழங்காநத்தத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தேன். அப்பாவுக்கு மறதி நோய் வந்ததும் வேலையை விட்டேன். ஒருநாள் அவர் லுங்கியோடு கிளம்பிப் போய், எப்போதோ விற்றுவிட்ட தன் கடை இருந்த இடத்தில், செல்போன் கடைக்காரனிடம் சாவி கேட்டுச் சண்டை போட்டார். அதற்குப் பிறகு அவரைத் தனியே விட முடியவில்லை.

அப்பா படங்களுக்கு பிரேம் போடும் கடை வைத்திருந்தவர். சாமி படம், கல்யாணப் படம், செத்தவர்கள் படம் எல்லாம் அவர் கைக்கு வரும். ஆணிகளை உதட்டில் கவ்விக்கொண்டுதான் பேசுவார். கண்ணாடியை ஒரு கோடு கீறி, மேஜை விளிம்பில் வைத்து ஒரு தட்டுத் தட்டுவார். கீறின இடத்தில் சரியாக உடையும். 

தம்பி ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் செய்ய ஆரம்பித்தான். அதற்கு முன் மாதம் ஒருமுறை பேசினாலே அதிகம். "அக்கா, தண்ணி லாரி வந்தா எதுத்த வீட்டுக்காரம்மா என்னமோ சொல்லி வையுமே, என்னது அது?" என்பான். "கண்ணாடி தூளு அப்பா கையில குத்தினா எதுல எடுப்பாரு?" என்பான். நான் சொல்லுவேன். அவன் அங்கே எழுதிக்கொள்வது கேட்கும். சொல்லச் சொல்ல எனக்கே மறந்துபோனதெல்லாம் ஞாபகம் வரும். சிரிப்போம். அந்த ஒரு மணி நேரத்துக்காக வாரம் முழுக்கக் காத்திருந்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஒரு ஞாயிறு நான் சொன்னேன். "நேத்து அப்பா என்னயப் பாத்து, நீ யாரு வீட்டுப் பொண்ணுன்னு கேட்டாருடா."

அவன் 'ம்' என்றான். பிறகு, "சின்ன வயசுல கீழக்குயில்குடி மலைக்குப் போனோமேக்கா, அதச் சொல்லு" என்றான். சொன்னேன். அம்மாவுக்கு மூச்சு வாங்கியதால் அவளும் அப்பாவும் அடிவாரத்தில் குளத்தோரம் உட்கார்ந்துவிட்டார்கள். பாறையில் வெட்டின படிகளில் பாதி தூரம் ஏறியதும் தம்பி அழுதான். அவனை முதுகில் ஏற்றிக்கொண்டு நான்தான் மேலே போனேன். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. மேலே சமணர் படுக்கைக் கல்லில் அவனைக் கிடத்தி விசிறினேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான்.

முதல் பத்துப் பாட்டு முடிந்ததும் எனக்கு அனுப்பினான். அப்பாவைக் கேட்கவைக்கச் சொன்னான்.

அதில்தான் ஒரு சிக்கல் இருந்தது. நாங்கள் சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டுக்குள் எங்கள் பாஷை, வாசல் தாண்டினால் தமிழ். தம்பி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததிலிருந்து என்னோடுகூடத் தமிழ்தான் பேசுவான். அப்பாவுக்கு நோய் முற்ற முற்றத் தமிழ் போய்விட்டது. நாற்பது வருஷம் கடையில் பேசிய பாஷை, டாக்டர் கேட்டால்கூட விளங்காமல் என் முகத்தைப் பார்ப்பார். குழந்தையில் தன் அம்மாவிடம் பேசினது மட்டும் மிச்சமிருந்தது.

ஆகவே ஒரு மத்தியானம் பத்துப் பாட்டையும் நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு வரியாக எங்கள் பாஷையில் சொன்னேன். நாலாவது பாட்டு அவரைப் பற்றியது. உதட்டில் ஆணி கவ்வியபடி ஊராருக்கெல்லாம் படம் மாட்டிக் கொடுத்தவர், தன் படத்தைச் சுவரில் மாட்ட ஒருநாளும் சம்மதிக்காதவர் என்று வரும். அப்பா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். முடிந்ததும், "பாவம், நல்ல மனுசன் போல" என்றார். "பாடுறது அவரு பையனா? அந்த மனுசன் குடுத்துவச்சவரு" என்றார். அப்புறம், வந்திருக்கும் விருந்தாளிக்குக் காபி கொடுத்தாயா என்று கேட்டார். வீட்டில் யாரும் இல்லை.

தம்பியிடம், "அப்பாவுக்கு ரொம்பப் பிடிச்சிருச்சு. கண் கலங்கிட்டாரு" என்று சொன்னேன். கூடவே கெஞ்சினேன். "ரெண்டாவது தட்டுல ஒரு பாட்டாவது நம்ம பாஷையில பாடுடா. அவருக்கு அதுதான் விளங்குது."

"எனக்கு அதுல எழுத வராதேக்கா."

"நான் சொல்லித் தர்றேன்."

"பாப்போம்" என்றான்.

கார்த்திகை மாத மழையில் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்து நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரிக்குப் போன நாலாம் நாள் இறந்துவிட்டார். தம்பி வந்தான், கொள்ளி வைத்தான், காரியம் முடிந்த மறுநாள் கிளம்பிவிட்டான். ஸ்டுடியோவுக்குத் தேதி குறித்தாகிவிட்டது என்றான்.

பங்குனியில் ஒரு ஞாயிறு காலை, மதுரையிலேயே ஒரு சின்ன அரங்கில் இரண்டு தட்டையும் வெளியிட்டார்கள். எங்கள் தெருக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். தம்பி நன்றாகத்தான் பாடினான். எதிர்வீட்டம்மாவின் தண்ணி லாரிப் பாட்டுக்கு எல்லாரும் கைதட்டினார்கள். எங்கள் பாஷையில் ஒரு பாட்டும் இல்லை. அதைக்கூட நான் எதிர்பார்த்திருந்தேன். கடைசிப் பாட்டு கீழக்குயில்குடி மலை. அதில் அழுத பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு படியேறுகிறவர் அப்பா. கல்லில் கிடத்தி விசிறுகிறவரும் அப்பாதான். பக்கத்திலிருந்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் காலடியில் கிடந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தான். அப்பா படுத்திருந்த அறையிலேயே இலை போட்டேன். சாம்பார் ஊற்றும்போது சொன்னேன். "மலைக்கு உன்னயத் தூக்கிட்டுப் போனது அப்பா இல்லடா."

"தெரியும்க்கா. நீதான் சொன்னியே."

"அப்புறம்?"

"பாட்டுக்கு அப்பா வந்தாத்தான் நல்லா இருந்துச்சு. இதுல என்னக்கா இருக்கு? எல்லாப் பாட்டுமே நீ சொன்னதுதான."

"எல்லாம் நான் சொன்னது. ஒன்னுலகூட நான் இல்ல."

"நீ எப்பவும் இங்கதான இருந்த" என்றான். வேண்டுமென்று சொல்லவில்லை. மனதில் வந்ததைச் சொன்னான். "இல்லாதவங்களப் பத்தித்தான்க்கா பாட்டு வருது. அப்பாவாவது கேட்டுட்டுப் போனாரு. அவரு கண் கலங்குனாருன்னு நீ சொன்னியே, அது போதும் எனக்கு. அத நெனச்சுத்தான் மிச்சப் பத்தையும் பாடினேன்."

அப்போது சொல்லிவிட்டேன். இத்தனை மாதமாக வாயில் வராதது ஒரே மூச்சில் வந்தது. "அவரு கலங்கலடா. அவருக்குத் தமிழே விளங்கல. ஒவ்வொரு வரியா நான்தான் சொன்னேன். யாரோ ஒருத்தரப் பத்தின பாட்டுன்னு நெனச்சாரு. நீ யாருன்னும் தெரியல. பாவம், நல்ல மனுசன் போலன்னாரு."

அவன் கை சோற்றிலேயே நின்றது. "அப்பா சொன்னத அப்படியே சொல்லு" என்றான். எங்கள் பாஷையில் சொன்னேன். அவன் உதடு அசைந்தது. ஒரு வார்த்தை பிடிபடவில்லை போலிருக்கிறது. "இன்னொரு தடவ சொல்லுக்கா" என்றான். சொன்னேன். சின்னப் பிள்ளை மாதிரி உச்சரிப்பு தவறித் தவறித் திருப்பிச் சொன்னான். பிறகு இலையை மூடிவிட்டு எழுந்தான். பாதிச் சோறு உள்ளேயே கிடந்தது. சாயங்கால ரயிலுக்குப் போய்விட்டான்.

அது நடந்து எட்டு மாதமாகிறது. அந்தப் பாட்டுகளை வேறு ஊர்களில் பாடக் கூப்பிட்டார்களாம், இவன் போகவில்லை. கிதாரை உறையிலிருந்து எடுப்பதே இல்லை என்று அவன் மனைவி என்னிடம் சொல்லி அழுதாள். நான் அவனுக்குப் போன் செய்து, "கோவத்துல சொல்லிட்டேன், மன்னிச்சிரு" என்றேன்.

"நீ பொய் சொல்லலையேக்கா" என்றான். 

பொய் சொல்லவில்லைதான். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று நான் அதைச் சொல்லவில்லை. எனக்கு வலித்ததுபோல அவனுக்கும் வலிக்கட்டும் என்று சொன்னேன். அப்பா ஒரு மத்தியானம் முழுக்க, யாருடைய மகன் என்று தெரியாமலேயே அவன் பாட்டுக்குத் தலையாட்டினார். அதைத்தான் நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல விட்டுப்போயிற்று. இப்போது சொன்னால் ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்றுதான் நினைப்பான்.