சீனத்துத் தூணில் கண்ணன்

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து ஆண்ட காலத்தில் நான் கேமரன் மலை எஸ்டேட் ஃபேக்டரியில் தேயிலை உலர்த்துகிற டிரையரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேயிலைப் பெட்டி அடிக்க ஆ செங் என்று ஒரு சீனத் தச்சன் இருந்தான். சீனாவில் ஜப்பானை எதிர்த்து நடந்த சண்டைக்கு நிதி சேர்த்துக் கொடுத்தவன். அப்படிக் கொடுத்தவர்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், போனவர்கள் திரும்பவில்லை. அதனால் அவன், சீனாவோடு தொடர்பே இல்லை என்று காட்ட, இங்கே ஈப்போவில் பிறந்தவன், சீனாவைப் பார்த்ததே இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்தான். உண்மை எனக்கு மட்டும் தெரியும்.

புதிதாக வந்த ஜப்பான் அதிகாரி, சண்டைக்கு முன் தேயிலை வாங்க ஃபுஜியன் போய்வந்தவர். சீனாவின் கடலோர மாகாணம் அது. ஆ செங்கின் சொந்த ஊரும் அங்கேதான். ஒரு நாள் காலையில் எங்கள் இருவரையும் கூப்பிட்டு மேசையில் போட்டோக்களைப் பரப்பினார். சுற்றிப் பார்த்த இடங்களைக் காட்ட ஆசைப்படுகிறார் என்று நினைத்தேன். சிவப்புப் பாறை மலை, வளைந்து வளைந்து போகிற ஆறு, அதில் மூங்கில் தெப்பம், இரட்டைக் கல் கோபுரம். பாறை இடுக்கில் தேயிலைச் செடி நின்றது. அங்கே ஏறி எப்படிக் கொழுந்து எடுப்பார்கள் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதிகாரி படத்தைப் பார்க்கவில்லை, ஆ செங்கின் முகத்தைத்தான் பார்த்தார் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

அடுத்து, ஆறு கடலில் சேரும் இடத்தில் ஒரு நீளமான கல் பாலம்.

“இந்த இடம் தெரியுமா?” அதிகாரி மலாயில் கேட்டார்.

“தெரியாது துவான்” என்றான் ஆ செங்.

“தெரியாமலா முகம் மாறுது?”

பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு புத்தர் கோயில் தூணின் படம் கிடந்தது. தூணில் ஒரு குழந்தை, இடுப்பில் கட்டிய உரல், இரண்டு பக்கமும் மரம்.

“அட, நம்ம கண்ணன்லா இது” என்று கத்திவிட்டேன்.

அதிகாரி திரும்பினார். “நீ சீனாவுக்குப் போயிருக்கியா?”

“நான் மலையடியில இருக்கிற தாப்பாவையே தாண்டினதில்ல துவான். இது எங்க சாமி. உரல்ல கட்டிப் போட்டா, உரலோட போய் ரெண்டு மரத்தைச் சாய்ச்சவர். எங்க லைன் வீட்டுல யாரைக் கேட்டாலும் சொல்வாங்க.”

படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். தாப்பா தாண்டாதவனுக்கே சீனக் கோயில் தூண் தெரிகிறது. அப்புறம் முகத்தைப் பார்த்து எதைக் கண்டுபிடிப்பது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். படங்களை அள்ளிக்கொண்டார். “போய் வேலையைப் பாருங்க.” பழைய காலத்தில் அந்தக் கடற்கரைக்குப் போன தமிழ் வியாபாரிகள் கட்டிய கோயிலின் தூண் அது என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

வேலை முடிந்ததும் ஆ செங் என் வீட்டுக்கு வந்தான். கண் கலங்கியிருந்தது. “முத்து, என் உயிரைக் காப்பாத்திட்டே. பெரிய மூளைலா உனக்கு.”

தலையாட்டியிருந்தால் முடிந்திருக்கும். மனசு கேட்கவில்லை. “இல்ல செங். நீ பக்கத்துல நிக்கிறதே எனக்கு மறந்துபோச்சு. சாமியைப் பார்த்தேன், வாய் தானா பேசிருச்சு.”

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “அப்போ அந்தச் சாமி படம் இல்லன்னா என்னைக் கொண்டு போயிருப்பான். நீ படம் பார்த்துக்கிட்டு நின்னிருப்பே” என்றான்.

எனக்கு வெட்கமாக இருந்தது. பின்னால் நான் மேஸ்திரி ஆனேன். அதிகாரிகள் யாரைக் கூப்பிட்டு நிறுத்தினாலும், பக்கத்தில் நிற்கிறவனை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தேன். அன்றைக்கு அவன் பிழைத்தான். அதில் என் பங்கு ஒன்றும் இல்லை.