தண்ணீர் பட்ட உறைகள்

எங்கள் பதிவைப் புதுப்பிக்கும் சோதனைக்காக வந்த சுகாதாரத் துறைப் பெண் அதிகாரி, கோப்புகளைப் பார்த்து முடித்ததும் கிளம்பிவிடுவார் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "ஏதாவது ஒரு வீட்டுக்குப் போய்ப் பாக்கலாங்க," என்றார்.

எங்கள் அலுவலகம் திருவானைக்காவலில் இரண்டு அறைகள். நடமாட முடியாதவர்களின் வீடுகளுக்கு நர்ஸ்களை அனுப்புகிறோம். புண்ணுக்குக் கட்டுப் போடுவது, சிறுநீர்க் குழாய் மாற்றுவது, ஊசி போடுவது எல்லாம் வீட்டிலேயே நடக்கும். மருத்துவமனைக்கு உள்ள விதிகளில் பாதிக்கு மேல் எங்களுக்கும் உண்டு. ஆனால் மருத்துவமனைக்கு வார்டுகள் ஒரே கூரைக்கு அடியில் இருக்கும். எங்கள் வார்டுகள் தெருத்தெருவாகச் சிதறிக் கிடக்கின்றன, ஒவ்வொன்றிலும் ஒரு வீட்டுச் சட்டம் நடக்கிறது. மேற்பார்வைக்கு ஒரு டாக்டர் இருக்கிறார். விதிகளைப் படித்து, நர்ஸ்களுக்குப் புரியவைத்து, அவை நடக்கின்றனவா என்று பார்ப்பது என் பொறுப்பு. பதிவு புதுப்பிக்கப்படாவிட்டால் எல்லா வீடுகளுக்கும் போவதை நிறுத்த வேண்டும்.

அதிகாரி தேர்ந்தெடுத்த வீடு ஸ்ரீரங்கத்தில், உத்திர வீதியில் இருந்தது. இடுப்பு எலும்பு முறிந்து படுத்த படுக்கையாகிவிட்ட, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் வீடு அது. அவருக்கு முதுகின் அடியில் படுக்கைப்புண் வந்திருந்தது. நர்ஸ் தவறாமல் போய்க் கட்டு மாற்றியும் ஆறவில்லை. டாக்டர் மருந்தை மாற்றிப் பார்த்தார், சர்க்கரையைக் குறைத்துப் பார்த்தார். இனியும் ஆறாவிட்டால் திருச்சியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதுதான் என்று சொல்லியிருந்தார். "காவேரிப் பாலத்தைத் தாண்டினா நான் திரும்பி வர மாட்டேன். என்னை இங்கேயே விட்டுடுங்கோ," என்று வாத்தியார் என்னிடம் சாதாரணமாகத்தான் சொன்னார், பஸ் நேரம் சொல்வது போல.

நாங்கள் போனபோது நர்ஸ் ஏற்கெனவே வந்திருந்தாள். பாலக்கரையிலிருந்து பஸ் பிடித்து வரும் முஸ்லிம் பெண்; எங்களிடம் இருப்பவர்களிலேயே கை சுத்தமானவள். அதிகாரி அவளைக் கை கழுவச் சொல்லிப் பார்த்தார். ஊசிகளைப் போடும் கெட்டியான வெள்ளை டப்பாவைப் பார்த்தார். அழுக்குக் கட்டுகளைப் போடும் மஞ்சள் பையைப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தன.

பிறகு அவர் கூடத்து அலமாரியில் இருந்த அட்டைப்பெட்டியைத் திறந்தார். கிருமி நீக்கிய கட்டுத் துணிகளை வாரம் ஒருமுறை மொத்தமாகக் கொண்டுவந்து அதில்தான் வைப்போம். ஒவ்வொன்றும் தனித்தனிக் காகித உறையில் இருக்கும். அதிகாரி ஒரு உறையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். காகிதம் அப்பளம் போலச் சுருங்கி நெளிந்திருந்தது. இன்னொன்றை எடுத்தார். அதுவும் அப்படியே.

"இதுல தண்ணி பட்டிருக்குங்களே."

வாத்தியாரின் மனைவிதான் பதில் சொன்னார். மாமிக்கு மறைக்க எதுவும் இல்லை.

"நான்தான் தெளிச்சேன். வெளியிலேர்ந்து எது வந்தாலும் ஜலம் தெளிச்சுட்டுத்தான் உள்ள எடுப்பேன். மடி ஆசாரம் பாக்கற ஆம் இது."

"மேலாக்கத் தெளிச்சீங்களா?"

"மேலாக்கத் தெளிச்சா என்ன பிரயோஜனம்? பொட்டியத் திறந்து நன்னா எல்லாத்து மேலயும் படறாப்லதான்."

காகித உறை நனைந்தால் உள்ளே இருக்கும் துணி சுத்தமானது இல்லை. காய்ந்த பிறகும் இல்லை. கிருமி ஈரத்தோடு காகிதத்தைக் கடந்துவிடும். இது எங்கள் பயிற்சியின் முதல் நாள் பாடம். அதிகாரி நர்ஸைப் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியாதாம்மா?"

அவள் தலையில் இருந்த துணியைச் சரிசெய்தாள். "தெளிக்கிறது தெரியும் மேடம். பொட்டியத் தொறந்து தெளிக்கிறது தெரியாது. நான் அந்த நேரம் கை கழுவப் போயிருவேன். பொட்டில அமுங்கித்தான் காகிதம் நெளிஞ்சிருக்குன்னு இருந்துட்டேன்."

"தெளிக்கிறதப் பாத்துட்டு ஏன் உங்க ஆபீஸ்ல சொல்லல?"

"நான் தொட்டுத் தூக்கிட்டு வர்றதால தெளிக்கிறாங்கன்னு நெனச்சேன். அதப் போய் என்னன்னு சொல்றது?"

மாமியின் முகம் சிவந்தது. "அய்யோ, பெங்களூர்லேர்ந்து என் புள்ளை வந்தா அவன் பொட்டிக்கும் தெளிப்பேண்டி. பால் கவரை அலம்பித்தான் எடுப்பேன். கொரோனா வந்தப்போ ஊரே இதைத்தானே பண்ணித்து? அப்போ என்னை யாரும் கேக்கலையே."

கட்டிலிலிருந்து வாத்தியாரின் குரல் வந்தது. "கரண்ட் பில்லுக்கும் தெளிப்பா. எழுத்து அழிஞ்சு போயி, எவ்வளவு கட்டணும்னு அந்த ஆபீஸுக்கே போய்க் கேட்டுண்டு வந்திருக்கேன். ஆஸ்பத்திரிலேர்ந்து என்னை ஸ்ட்ரெச்சர்ல கொண்டுவந்தாளே, வாசல்ல நிறுத்தி என் மேலயும் ஒரு சொம்பு."

நர்ஸ் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. மாமி சொன்னது அவளுக்கு முழுப் பதிலாக இருந்ததா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. ஆனால் மாமி அன்றைக்கு அவளிடம், "நீ அப்படி நினைச்சுண்டே வந்து போயிண்டிருந்தயா?" என்று இரண்டு முறை கேட்டார். இரண்டாம் முறை குரல் தாழ்ந்திருந்தது.

இதை எழுதாமல் விட முடியுமா என்று அதிகாரியிடம் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் பேனாவைத் திறந்துவிட்டார். "எழுதத்தாங்க செய்வேன். எழுதலைன்னா நாளைக்கே மறந்துருவீங்க. பதினஞ்சு நாள் தரேன், சரிபண்ணுங்க. திரும்ப வருவேன். சொல்லிட்டு வர மாட்டேன்."

"அப்போ தெளிக்கவே கூடாதா?" என்றார் மாமி. அவருக்கு அது பதிவைவிடப் பெரிய கேள்வி.

"துணி நனையக் கூடாது. அவ்வளவுதாங்க விதி. மத்தபடி உங்க வீட்டுல நீங்க என்ன செய்றீங்கன்னு அதுல எதுவும் இல்ல."

மாமி சமையலறைக்குள் போனார். பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. அழுத்தி மூடும் மூடி போட்ட பெரிய எவர்சில்வர் சம்படம் ஒன்றோடு வந்தார். தீபாவளிக்கு முறுக்கு போட்டு வைப்பது. "இதுல வெச்சுக் கொண்டுவந்தா? மூடிண்டு வரட்டும். மேல நான் எவ்வளவு வேணா ஊத்திக்கறேன். உள்ள ஒரு சொட்டு போகாது."

அதிகாரி சம்படத்தை வாங்கி மூடியை அழுத்திப் பார்த்தார், தலைகீழாகப் பிடித்தார். "ஊத்தின பெறகு நல்லாத் தொடச்சிட்டுத்தான் தெறக்கணும்," என்று மட்டும் சொன்னார்.

பழைய உறைகளை எல்லாம் அன்றே எடுத்துவந்துவிட்டோம். சம்படத்தை வெந்நீரில் கழுவிக் காயவைத்துப் புதிய உறைகளை அடுக்கினேன். மற்ற வீடுகளுக்கும் ஒவ்வொன்றாகப் போனேன். ஒரு வீட்டில் உறைகள் ஃப்ரிட்ஜில் கீரைக்கு அடியில் இருந்தன. இன்னொரு வீட்டில் ஊதுபத்தி மணக்கும் பூஜை அலமாரியில், சாமி பார்த்துக்கொள்வார் என்று வைத்திருந்தார்கள். எல்லோரும் நோயாளி மேல் உள்ள அக்கறையால்தான் செய்திருந்தார்கள். "உறை பிரிக்காமல் உள்ளதா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்த எங்கள் சரிபார்ப்புத் தாளில், "எங்கே வைத்திருக்கிறார்கள்? உலர்ந்திருக்கிறதா?" என்று சேர்த்தேன். நர்ஸ்களை உட்காரவைத்து இன்னொன்றும் சொன்னேன்: ஒரு வீட்டில் மனம் நோகும்படி ஏதாவது நடந்தால் அதையும் வந்து சொல்லுங்கள், அதுவும் என் வேலைதான். பாலக்கரைப் பெண், "அப்ப ஒங்களுக்கு வேலை ஜாஸ்தியாயிரும் அக்கா," என்றாள்.

அதிகாரி சொன்னபடியே சொல்லாமல் வந்தார். நான் அப்போது அங்கு இல்லை. நர்ஸ்தான் நடந்ததைச் சொன்னாள். வாசலில் அவள் சம்படத்தை இரண்டு கையாலும் நீட்டிப் பிடித்திருக்கிறாள், மாமி சொம்பிலிருந்து ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார். அதிகாரி படியிலேயே நின்று, அவள் துண்டால் துடைப்பதையும் மூடியைத் திறப்பதையும் பார்த்திருக்கிறார். ஒரு உறையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டிருக்கிறார். மாமி கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போனாராம்.

வாத்தியாரின் புண் அதற்குப் பிறகு மெல்ல மெல்லச் சுருங்கியது. முன்பு ஆறாததற்கு ஈரம்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, புதிய மருந்தும் வேலை செய்திருக்கலாம் என்றார் டாக்டர். நானும் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் வாத்தியார் பாலத்தைத் தாண்ட வேண்டியிருக்கவில்லை. அந்த அதிகாரி நல்ல பெயர் வாங்க நினைத்திருந்தால் அன்று கோப்புகளோடு கிளம்பியிருப்பார். நானும் மகிழ்ச்சியாக வழியனுப்பியிருப்பேன். அவர் ஹெல்மெட்டை எடுத்த அந்த நிமிஷத்துக்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன். வண்டிச் சத்தம் வாசலில் கேட்டால் இப்போதும் கொஞ்சம் பயம்தான், அதுவும் இருக்கட்டும்.

புதுப்பித்த பதிவுச் சான்றிதழ் வந்ததும், அதன் பிரதியை எல்லா வீடுகளுக்கும் கொடுக்க வேண்டும் என்பதால், உத்திர வீதிக்கு நானே எடுத்துப் போனேன். நர்ஸ் கட்டுப் போட்டு முடித்திருந்தாள். மாமி சான்றிதழை வாங்கினார். மற்றொரு கை தானாகச் சொம்பை நோக்கிப் போனது. பாதியில் நின்று என்னைப் பார்த்தார்.

நர்ஸ் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: "தெளிங்க மாமி. அக்கா லாமினேட் பண்ணித்தான் கொண்டாந்திருக்காங்க."