வாசிக்கத் தெரியாத வாசகன்

என் மேசை லாச்சிக்குள் ஒரு சித்திரக்கதை வார இதழ் இருக்கிறது. தாள் பழுத்து, ஓரங்கள் உதிரத் தொடங்கிவிட்டன. அட்டையில் ஒரு பெண் படகின் முனையில் நின்று கோல் ஊன்றுகிறாள். பின்னால் வரிசையாகத் தென்னைகள். உள்ளே இருப்பது பிலிப்பீன்ஸ் நாட்டு மொழி. அதில் ஒரு வரிகூட எனக்கு வாசிக்கத் தெரியாது. அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. போன ஞாயிறு, சுவிஸில் திரிம்பாக்கில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்த மகள், கத்தரிக்கோல் தேடப்போய் இதைக் கண்டெடுத்தாள். "அப்பா, இதுக்கு மேலை போனைப் பிடிச்சாக் காணும், என்ன எழுதியிருக்கெண்டு சொல்லும்" என்று கைபேசியை எடுத்தாள். வேண்டாம் என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, பிள்ளை திடுக்கிட்டுப் போனாள்.

எண்பதுகளின் நடுவில் நான் பக்கத்து நகரமான ஓல்டனில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் கோப்பை கழுவினேன். அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வராத காலம். மதியச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவில் எங்களுக்கு ஓய்வு உண்டு. 'சிம்மர் ஸ்ருண்ட' என்பார்கள். அறைக்குப் போய்ச் சற்றுச் சரிந்து கிடப்பதற்கான நேரம். எனக்குச் சரிந்து கிடக்க அறை எங்கே? ரயில் பாதையோரம் இரண்டு அறை வீட்டில் எட்டுப் பேர் இருந்தோம். பகலில் என் மெத்தையில் வேறொருவர் உறங்குவார். வெளியே நின்றால் குளிர், கோப்பிக் கடையில் இருந்தால் செலவு. அதனால் இல்லத்து நிலவறையில் இருந்த இஸ்திரி அறைக்குப் போகத் தொடங்கினேன். அங்கே சூடாக இருந்தது. முதலில் அதைத் தவிர வேறு காரணம் இல்லை.

அங்கே வேலை செய்தவர் ஒரு பிலிப்பீன்ஸ் பெண். நாற்பது வயது இருக்கும். ஒரு தூதரகக் குடும்பத்தின் வீட்டு வேலைக்காக இந்த நாட்டுக்கு வந்து, அந்தக் குடும்பம் போன பிறகு இங்கேயே தங்கியவர். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முகம் சுளிப்பார். அவர்கள் மொழியில் மூத்த சகோதரியை 'ஆத்தே' என்பார்களாம். அப்படியே கூப்பிடச் சொன்னார். எங்கள் பேச்சு பாதி ஆங்கிலம், பாதி ஜெர்மன், மிச்சம் கைச்சாடை. இரண்டும் எங்கள் இருவருக்கும் ஒழுங்காக வராது. அதனால் அவர் சொன்னதையெல்லாம் எங்கள் ஊர்த் தமிழிலேயே எழுதுகிறேன், அப்படித்தான் அது என் காதில் இருக்கிறது.

ஆத்தேயின் தம்பி மனிலாவில் சித்திரக்கதை வரைபவன். வார இதழில் அவனுடைய தொடர் வந்துகொண்டிருந்தது. அந்த இதழ்களைத் தாயார் நாலைந்தாகச் சேர்த்து மண்ணிறத் தாளில் சுற்றிக் கப்பல் தபாலில் அனுப்புவார். மாதக் கணக்கில் பிந்தித்தான் வரும். ஊரில் இந்த இதழ்களை அநேகமானோர் வாங்குவதில்லையாம். தெருவோரக் கடையில் கயிற்றில் தொங்கவிட்டிருப்பார்கள். சில்லறையைக் கொடுத்து அங்கேயே வாங்குப் பலகையில் இருந்து வாசித்துவிட்டுத் திரும்பத் தொங்கவிட்டுப் போவார்கள். ஒரு பிரதியில் ஒரு தெருவே கதை படித்து முடித்துவிடும். இதழ் விற்பனை விழுந்தால் ஆசிரியர் முதலில் கை வைப்பது தம்பியின் தொடரைப் போன்ற சொந்தக் கதைகளில்தான். அந்த இடத்துக்கு, வெளிநாட்டுப் பறக்கும் வீரனை அப்படியே பார்த்து வரையச் சொல்வாராம். "என்ரை தம்பிக்கு அந்தப் பறக்கிறவனையும் கீறத் தெரியும். ஆனால் அவன் எங்கடை ஊர் ஆற்றைக் கீறோணும்" என்பார் ஆத்தே.

இந்தக் கோபத்தைத்தான் அவர் சுவிஸ் வரைக்கும் காவி வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து தேவாலய மண்டபத்தில் பிலிப்பீன்ஸ் பெண்கள் கூடிச் சமைத்துச் சாப்பிடுவார்கள். ஆத்தேயிடம் இதழ் வந்தது தெரிந்ததும் ஒவ்வொருவரும் கை நீட்டினார்கள். ஆத்தே கொடுக்கவில்லை. "இரவல் இல்லை. விருப்பமெண்டால் வீட்டுக்கு எழுதி ஆளுக்கொண்டு எடுப்பியுங்கோ" என்று சொல்லிவிட்டார். சொந்தத் தம்பியின் புத்தகத்தைக் காட்டவும் மனமில்லாத பிசினாறி என்று பேச்சு வந்தது. பிறகு அவருக்குப் பக்கத்து நாற்காலி வெறுமையாக இருக்கத் தொடங்கியது. கொஞ்ச நாளில் அவர் மண்டபத்துக்குப் போவதை விட்டுவிட்டு ஞாயிறு வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவ்வளவு வீம்பு.

எனக்கு மட்டும் ஏன் காட்டினார் என்று கேட்டேன். "உனக்கு வாசிக்கத் தெரியாதே. நீ வாங்கப்போற ஆளில்லை, உன்னாலை தம்பிக்கு ஒரு பிரதியும் குறையாது" என்றார். அந்த நியாயம் அவருக்குச் சரியாகப் பட்டது. இரண்டு பேருமாகப் படுக்கை விரிப்புகளின் முனைகளைப் பிடித்து மடித்து அடுக்குவோம். அடுக்கி முடிந்ததும் அவர் இஸ்திரி மேசையில் இதழை விரித்து, சொல்லுக்கு மேல் விரலை ஓட்டி, எனக்கு விளங்கும் மொழியில் ஆக்கி ஆக்கிச் சொல்லுவார். படகுக்காரிக்கு ஒரு குரல், ஆற்றுக்கடியில் இருக்கும் ஊரின் தலைவனுக்குத் தொண்டையை அடைத்துக்கொண்டு ஒரு குரல். படகுக்காரியின் தங்கையை ஆற்றடி ஊர் கொண்டுபோய்விட்டது. அவள் தேடிக்கொண்டே இருக்கிறாள். ஒரு ஞாயிறு, ஓர் அத்தியாயம். அதற்கு மேல் கெஞ்சினாலும் கிடையாது. தங்கை கிடைப்பாளா இல்லையா என்று அடுத்த ஞாயிறு வரை, கிழமை முழுக்கக் கோப்பைகளோடு யோசித்துக்கொண்டு நிற்பேன். அந்த நாட்களில் எனக்கு இருந்த ஒரே எதிர்பார்ப்பு அதுதான் என்று சொன்னால் இப்போது சிரிப்பார்கள்.

எங்கள் வீட்டு எட்டுப் பேரில் ஓர் அண்ணை இருந்தார். வேலை முடிந்து வந்து கவிதை எழுதி, தட்டச்சு செய்து, ரோனியோ பிரதி இயந்திரத்தில் உருட்டி ஒரு சிற்றிதழ் கொண்டுவந்தார். அதையும் எட்டுப் பேர் ஒரே பிரதியில்தான் வாசித்தோம். பக்கத்து வீட்டாரும் அதையே வாங்கிப் போனார்கள். பாட்டுக் கசட்டும் அப்படித்தான், ஒருவன் வாங்கினால் ஊரே பதிவு செய்துகொள்ளும். அதைப் பகிர்ந்துண்ணும் குணம் என்று நாங்கள் பெருமையாக நினைத்திருந்தோம். ஆத்தேயிடம் இதைச் சொன்னபோது, "அண்ணைக்கு அது சோறு போட்டுதோ?" என்று கேட்டார். அடுத்த ஞாயிறு எங்கள் அண்ணையின் சிற்றிதழ் ஒன்றை என் மூலம் விலை கொடுத்து வாங்கி, இஸ்திரி அறைக் கதவில் ஒட்டி வைத்தார். அவருக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. வாங்கியவர் யார் என்று அண்ணை திரும்பத் திரும்பக் கேட்டார். ஒரு பிலிப்பீன்ஸ் பெண் என்று சொன்னதும் கண் கலங்கினார். சிற்றிதழ் மூன்றாவது இதழோடு நின்றது.

ஒரு பனிக்காலத்தில்தான் படங்கள் பழையன என்று கண்டுபிடித்தேன். பக்கத்தின் மூலையில் நான் முந்திச் சிந்திய தேத்தண்ணிக் கறை அப்படியே இருந்தது. ஆனால் கதை புதிது. படகுக்காரி இப்போது வடக்கே ஒரு குளிர் நாட்டுக்கு வந்துவிட்டாள். ஆறு கல்லாக இறுகிக் கிடக்கிறது, கோல் இறங்கவில்லை. ஆறு இளகும்வரை அவள் அந்த ஊர்க் கிழவர்களின் விரிப்புகளைத் தோய்த்துக்கொண்டு காத்திருக்கிறாள். ஆத்தேயின் விரல் வழக்கம்போல எழுத்துகளின் மேல் ஓடியது. படத்தில் தென்னை மரங்கள், கதையில் முழங்கால் அளவு பனி. கப்பல் பிந்தியிருக்கும், சமாளிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். நான் வாய் திறக்கவில்லை. கதை நின்றுவிடுமோ என்ற பயம். பனி கரையும்வரை அப்படியே போனது. எனக்கு முந்திய கதையைவிட அந்தக் கதைதான் பிடித்திருந்தது.

அடுத்த கோடையில் தாயார் படுக்கையில் விழ, ஆத்தே ஊருக்குத் திரும்ப முடிவெடுத்தார். கடைசி ஞாயிறும் விரிப்புகளை மடித்தோம். மடித்துக்கொண்டே, இனி யார் எனக்குக் கதை சொல்வது, தம்பியின் தொடர் எப்போது முடியும் என்று கேட்டேன். அவர் தன் முனைகளைக் கொண்டுவந்து என் கையில் தந்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"தம்பி கீறுறதை விட்டிட்டான். அவங்கள் கதையை நிப்பாட்டிப் போட்டாங்கள். இப்ப சவூதியிலை கடைப் பலகைக்கு எழுத்து எழுதுறான். அது போன பனிக்கு முதலே."

"அப்ப பனிக்குள்ளை நடந்ததெல்லாம்?"

"நீ ஒவ்வொரு ஞாயிறும் வந்து இருந்தியே. என்னெண்டு இல்லையெண்டு சொல்லுறது?"

மடித்த விரிப்பை அடுக்கின் மேல் வைத்தேன். அவர் இதழ்க் கட்டைப் பிரித்து ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். நான் கை நீட்டியபோது, அதன் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டார். "விலை அட்டையிலை போட்டிருக்கு" என்றார். அவர்கள் நாட்டுக் காசு எனக்கு ஏது? ஒரு பிராங் நாணயக் குற்றியைக் கொடுத்தேன். வாங்கிக் கவனமாகக் கைலேஞ்சியில் முடிந்துகொண்டார். "தம்பியிட்டைக் குடுப்பன். சுவிஸிலை ஒரு ஆள் வாங்கினவர் எண்டு சொல்லுவன்." அப்போதுதான் அழுதார். நானும்தான். அவர் போன பிறகும் சில ஞாயிறுகள் நான் நிலவறைக்குப் போனேன். புதிதாக வந்தவர் வானொலியைச் சத்தமாகப் போட்டு வைத்திருந்தார். போவதை விட்டுவிட்டேன். அந்த வருடத்தைப் போலத் தனியாக நான் ஒருபோதும் இருந்ததில்லை.

இப்போது எங்கள் ஆட்களிடம் மண்டபம் இருக்கிறது, ஒலிபெருக்கி இருக்கிறது. நம்மவர் படைப்பை ஆதரிப்போம் என்று மேடையில் முழங்கி, எழுதியவருக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள். வாசலில் மேசையில் புத்தகங்கள் அடுக்கியபடி இருக்கும். அதைத் தாண்டிப் போய் வடை சாப்பிட்டுவிட்டு, பி.டி.எஃப். இருந்தால் அனுப்பிவிடுங்கள் என்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் ஒன்றை வாங்கிக்கொண்டு பேசாமல் வந்துவிடுவேன். எல்லாவற்றையும் வாசிக்கிறேன் என்று சொல்லமாட்டேன்.

"போனும் பிடிக்கேலாது, வாசிக்கவும் தெரியாது. பின்னை ஏன் இதை வச்சிருக்கிறியள்?" என்று மகள் கேட்டாள். காசு கொடுத்து வாங்கியது, பிள்ளை என்றேன். அவள் சிரித்தாள். நான் இதழை அவள் முன்னால் விரித்து, முதல் சொல்லின் மேல் விரலை வைத்தேன். படகுக்காரி குளிர் நாட்டுக்கு வந்த கதையைச் சொல்லத் தொடங்கினேன்.

"அப்பா, இதிலை தென்னை மரமெல்லோ நிக்குது?"

"ஓம். நீ கேள்."

கைபேசியை மேசையில் குப்புற வைத்துவிட்டுக் கேட்டாள். ஓர் அத்தியாயம் சொன்னேன். பிறகு அவளுக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. சப்பாத்தைப் போட்டுக்கொண்டே, "மிச்சத்தை வாற ஞாயிறு சொல்லுங்கோ, வாறன்" என்றாள். வேலை, பிள்ளைகள், அட்லிஸ்வில்லிலிருந்து ரயில் மாறி வரவேண்டும், வருவாளோ தெரியாது. ஆனால் வந்தால் இல்லையென்று சொல்ல முடியாதே. ஆற்றில் பனி இறுகிக் கிடக்கிறது. படகுக்காரியை அங்கிருந்து எப்படிக் கிளப்புவது என்று இந்தக் கிழமை முழுக்க யோசித்துக்கொண்டிருக்கிறேன்.