லிங்கித் தோட்டத்தில் அணுக்கப்பல்

மலாயா, ஐம்பத்தைந்தாம் ஆண்டு. பகல் பன்னிரண்டுக்குச் சிரம்பான் நகரத்துத் தெமியாங்கிலிருந்து வேனில் கிளம்பினோம். தோட்டங்களில் செய்திப்படம் காட்டித் தமிழில் விளக்கம் சொல்வது என் வேலை. லிங்கி ஏறக்குறைய இருபது மைல். ஓட்டுநர் மரியதாஸ் வழியெல்லாம் ரப்பர் மரங்களையே பார்த்துக்கொண்டு வந்தார். முந்தின வாரம் அந்தச் சாலையில்தான் காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகள் ஒரு லோரியை எரித்திருந்தார்கள்.

"ஆறு மணிக்கு ஊரடங்கு. சீக்கிரம் முடிங்கலா, சார்."

ரப்பர் தகடுகளுக்குப் புகை போடும் கொட்டகையில் கதவுகளை அடைத்துப் பகலிலேயே படம் போட்டோம். அமெரிக்காவின் புதிய நீர்மூழ்கிக் கப்பல், அணுசக்தியில் ஓடுவது, கடற்படையில் சேர்ந்து கடலுக்குப் புறப்படும் காட்சி. மாலுமிகள் இறங்கினார்கள். மேல்மூடி சாத்தப்பட்டது. கப்பல் தண்ணீருக்குள் மறைந்தது.

"இனி வாரக்கணக்கில் மேலே வரவே வேண்டியதில்லை!" என்றேன் உரத்த குரலில்.

பால்மரம் சீவும் அஞ்சலை எழுந்து நின்றாள். "அப்ப அவங்க உசிரோட இருக்கிறது பொண்டாட்டிக்கு எப்படிங்க தெரியும்?"

யாரும் சிரிக்கவில்லை. நான் அடுத்த காட்சிக்கு விளக்கம் சொல்லத் தொடங்கினேன்.

படம் முடிந்ததும், தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் என்னிடம் சொன்னார்: "அவ புருசன விசாரிக்கணும்னு சிரம்பான் போலீஸ் கூட்டிட்டுப் போச்சு. ஒரு மாசமாச்சு, சேதியே இல்ல."

வேனுக்கருகில் அஞ்சலை காத்திருந்தாள். "என்னைச் சிரம்பான்ல எறக்கி விடுங்கய்யா. நானே கேட்டுக்கிறேன்."

"மாட்டிக்குவோம், சார்," என்றார் மரியதாஸ். ஆனாலும் பின்கதவைத் திறந்துவிட்டார்.

தோட்டத்து முள்வேலி வாசலில் மலாய்க் காவலர் டார்ச்சை வேனுக்குள் அடித்தார். அஞ்சலையை அவருக்கு அடையாளம் தெரிந்தது. மரியதாஸ் மலாயில் விஷயத்தைச் சொன்னார். காவலர், "நாளைக் காலையில் இங்கே இருக்கணும்," என்று சொல்லித் தடுப்பைத் தூக்கினார்.

ஆறுக்குள் சிரம்பான் போலீஸ் நிலையத்தை அடைந்தோம். சார்ஜன் உள்ளே போய்த் திரும்பி வந்தார். பார்க்க அனுமதியில்லை. "இருக்கான். நல்லா இருக்கான்," என்று அவர் மலாயில் சொன்னதை மரியதாஸ் தமிழில் சொன்னார்.

"உசிரோடயா?"

"உசிரோடதாம்மா."

அஞ்சலை அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்தபோது, பசிக்கிறது என்றாள். மரியதாஸ் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார்.

என் வீட்டு வாசலில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். "எங்கே போனீங்க? லோரி எரிஞ்ச ரோடாச்சேன்னு நான் இங்க செத்துப் பொழைக்கிறேன்!" என்று திட்டத் தொடங்கினாள். வழக்கமாக அதைக் காதில் வாங்காமல் உள்ளே போய்விடுவேன். அன்று செருப்பைக்கூடக் கழற்றாமல், அவள் முடிக்கும்வரை நின்று கேட்டேன்.