யூட்டுக்காகத் தொலைபேசி எடுத்த அமெரிக்கர்கள்

ஜூலை முதலாம் தேதி மொன்றியலில் பாதிச் சனம் வீடு மாறும். நடைபாதை முழுக்க மெத்தையும் கால் போன கதிரையும் கிடக்கும். இந்த வருடம் எங்கள் தெருவில் பழைய குண்டுக் கணினித் திரை ஒன்றை யாரோ வெயிலில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கிட்டப் போனதும் சூடேறிய தூசியின் மணம் மூக்கில் அடித்தது. அந்த மணம் எனக்குத் தனியாக வருவதில்லை, மீன் அடைத்துப் பொரிக்கிற பற்றிஸ் மணத்தையும் கூட்டிக்கொண்டுதான் வரும். ஏனென்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

இரண்டாயிரத்து ஆறு. அப்போது நான் இங்கிருந்தே, புல்வெட்டும் இயந்திரம் விற்கிற அமெரிக்கக் கம்பனி ஒன்றுக்குத் தொலைபேசியில் பதில் சொல்லும் வேலையில் இருந்தேன். ஊரில் புல்லை மாடு தின்னப் பார்த்ததைத் தவிர எனக்கு அதைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. பனிக்காலத்தில் ஒருவரும் எடுக்கமாட்டார்கள். சும்மா இருக்காமல் புல்லைப் பற்றியாவது படிப்போம் என்று இணையத்தில் தேடினால், நியூயோர்க் மாநிலத்து வடக்குக் கோடியில் இருந்த ஒரு மனுசியின் வலைப்பதிவு வந்து விழுந்தது.

தக்காளி வளர்ப்பைப் பற்றி எழுதத் தொடங்கியவர் அவர். ஈராக் சண்டைக்கு ஊர்ப் பையன்கள் போனபிறகு தக்காளியை விட்டுவிட்டுத் தன் தொகுதிக் காங்கிரஸ் சபை உறுப்பினரைப் பிடித்துக்கொண்டார். எங்கே என்ன பேசினார், எதற்குக் கை தூக்கினார், எல்லாம் எழுதுவார். கீழே வாசகர்கள் வரிந்து கட்டிக்கொண்டு வாதாடுவார்கள். வேலை வெட்டி இல்லாத சனம் என்றுதான் முதலில் நினைத்தேன், நினைத்தது யாரென்றால் புல் முளைக்காத காலத்தில் சம்பளம் வாங்குகிற நான். பிறகு ஒரு நாள், அந்த உறுப்பினர் சின்னக் கூட்டமொன்றில் அண்டப்புளுகு ஒன்றை அவிழ்த்துவிட, வாசகர் ஒருவர் அதைக் கையடக்கக் கமராவில் பிடித்துப் போட்டுவிட்டார். பத்திரிகைக்காரர் அங்கிருந்து எடுத்து எழுத, மனிதர் மன்னிப்புக் கேட்கவேண்டியதாயிற்று. கட்சியும் இல்லை கொடியும் இல்லை, அவரவர் வீட்டு மேசையில் இருந்தபடியே செய்துவிட்டார்களே என்று எனக்கு வாய் மூடவில்லை. அமெரிக்காவில் எனக்கு வாக்கில்லை. கனடாவிலேயே அப்போது எனக்கு வாக்கில்லை. ஆனாலும் அந்தத் தொகுதி நிலவரத்தைக் கேட்டால் தூக்கத்திலும் சொல்லுவேன்.

மொன்றியலின் பியர்பொன்ட்ஸ் பகுதியில் இருந்த ஸ்ரெலா அக்கா எனக்குத் தூரத்துச் சொந்தம். சொந்த ஊர் மன்னார். அவருடைய தம்பி யூட் கனடாவுக்கு வரும் வழியில் அமெரிக்க விமான நிலையத்தில் பிடிபட்டு அங்கேயே சிறையில், மறியலில் இருந்தான். ஊரில் சண்டை திரும்பத் தொடங்கியிருந்த நேரம். திருப்பி அனுப்பினால் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கியதும் அவனை எங்கே கொண்டுபோவார்கள் என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. அனுப்பத்தான் போகிறார்கள் என்று லோயர் கையை விரித்துவிட்டார்.

"பெரிய ஆள் ஒருத்தரைப் பிடிக்கோணும்" என்றார் அக்காவின் கணவர் ஞானம் அண்ணை. எங்கள் ஆட்களுக்கு எந்த வருத்தத்துக்கும் அதுதானே மருந்து.

மறியல் இருந்த ஊரின் பெயரைக் கேட்டதும் நான் துள்ளி எழும்பினேன். அது என் தக்காளிக்காரியின் தொகுதி. விசயத்தைச் சொன்னேன்.

"அவ பெரிய ஆளோ?"

"இல்லை அண்ணை. தோட்டம் செய்யிற மனுசி."

"உனக்கென்ன விசரே?"

அக்கா மட்டும், "எழுதிப் பாரும் தம்பி" என்றார். எழுதினேன். தக்காளிக்காரி உடனே பதிவு போட்டுவிட்டார். திங்கட்கிழமை எல்லாரும் உறுப்பினரின் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுக்கவேண்டும், அதற்கு முதல் யூட்டை அறிந்தவர்கள் வந்து இரண்டு வரி எழுதுங்கள் என்று கேட்டிருந்தார்.

ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச் சனம் அக்கா வீட்டு நிலவறையில் கூடிவிட்டது. கலியாண வீடு தோற்றது. அக்கா மீன் பற்றிஸ் பொரித்துத் தள்ளினார். இருந்தது ஒரே ஒரு கணினி, அதுவும் சூடேறித் தூசி மணத்தது. ஒவ்வொருவராக இருந்து எழுதினார்கள். ஒருவராவது சொந்தப் பெயரைப் போடவேண்டுமே! பெயர் வெளியே தெரிந்தால் ஊரில் இருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்ற பயம் எங்களுக்கு எலும்பில் ஊறியது. ஞானம் அண்ணை பொஸ்டனில் பல் வைத்தியம் பார்க்கும் ரொபேர்ட் ஆனார். நான் டெக்ஸாஸில் குதிரை வளர்த்தேன். ஆளுக்கொரு வெள்ளைக்காரப் பெயர், ஆனால் எழுதியது என்னவோ ஒன்றுதான்: யூட் கௌரவமான குடும்பத்தில் பிறந்த நல்லொழுக்கமுள்ள பிள்ளை. பாடசாலை அதிபர் கொடுக்கும் நற்சான்றிதழை எல்லாரும் மனப்பாடமாக வைத்திருந்தோம்.

அமெரிக்கர் என்ன மடையர்களா? இவ்வளவு பேரும் மொன்றியலில் ஒரே கணினியில் இருந்து எழுதுகிறார்கள் என்று இணைய முகவரியை வைத்து மாலைக்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். முழுக்கதையும் கட்டுக்கதை, யாரோ ஒரு ஆள் தங்களை வைத்து விளையாடுகிறான் என்று கிழித்துப்போட்டார்கள். தக்காளிக்காரி எனக்கு ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: யூட் என்று ஒருவன் உண்மையில் இருக்கிறானா? தொலைபேசி எடுப்பதையும் நிறுத்தி வைத்துவிட்டார்.

அடுத்த நாள் காலை நான் அக்கா வீட்டுக்கு ஓடினேன். சொந்தப் பெயரில் யாராவது எழுதினால்தான் உண்டு. ஞானம் அண்ணை தலையைத் தொங்கப்போட்டபடி இருந்தார். அக்கா தொலைபேசி அட்டையின் இலக்கத்தைச் சுரண்டி மன்னாருக்கு எடுத்தார். இராணுவம் ஒட்டுக்கேட்கும் என்று அந்த நாளில் ஆமி என்ற சொல்லையே தொலைபேசியில் சொல்லமாட்டோம், மழை என்போம். அக்கா அன்றைக்கு மழையை விட்டுவிட்டார்.

"அப்பா, யூட்டின்ர விசயத்தை இன்ரநெற்றில எழுதோணும். என்ர பேரைப் போட்டால் ஆமியால உங்களுக்குக் கரைச்சல் வரும்."

தொலைபேசி ஸ்பீக்கரில் அப்பாவின் குரல் வந்தது.

"ஆர் வாசிப்பினம்?"

"எல்லாரும், அப்பா."

"அப்ப என்ர பேரையும் சேர்த்துப் போடு, பிள்ளை. ஆரின்ர மகன் எண்டு தெரியாமல் சனம் எப்பிடி நம்பும்?"

அக்கா தன் பெயர், அப்பாவின் பெயர், ஊர், யூட்டோடு கோயில் திருவிழாவில் எடுத்த படம் எல்லாவற்றையும் போட்டார். பொய்ப் பெயர்கள் பயத்தில் போட்டவை, என் தம்பி பொய்யில்லை என்று எழுதினார். அந்த ஆங்கிலத்தைத் திருத்த எனக்குக் கை வரவில்லை.

பிறகு நடந்ததை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கண் கலங்கும். முதல் நாள் எங்களைக் கிழித்தவர்களே முதலில் தொலைபேசி எடுத்தார்கள். எடுத்துவிட்டு வந்து எழுதினார்கள்: லைன் பிசி, விடமாட்டேன், திரும்ப எடுக்கிறேன். யூட்டின் நீண்ட குடும்பப் பெயர் உறுப்பினரின் அலுவலகத்தில் பதில் சொன்ன பிள்ளைக்குப் பின்னேரத்துக்குள் பாடமாகிவிட்டதாம். தேர்தல் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கிழமை முடிவதற்குள் உறுப்பினர் கடிதம் எழுத, குடிவரவு அதிகாரிகள் யூட்டை அனுப்புவதை நிறுத்தி, வழக்கை விசாரணைக்கு எடுத்தார்கள். பனி கொட்டத் தொடங்கியபோது யூட் வெளியே வந்தான். "ஆரெண்டே தெரியாத சனமடா" என்று அக்கா குசினி அடுப்படியில் நின்று விம்மி விம்மி அழுதார். மன்னாரில் ஆட்கள் வந்து அப்பாவை விசாரித்தார்கள். அவர் கொஞ்சக் காலம் வீட்டை விட்டுச் சொந்தக்காரரோடு இருந்தார். நல்லகாலம், அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. சில வருடங்கள் கழித்து நோய் வருத்தம் வந்துதான் காலமானார்.

யூட் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டான். குடியுரிமை, வீடு, பிள்ளைகள், எல்லாம் ஆயிற்று. போன மாதம் அக்கா தொலைபேசி எடுத்தார்.

"இவன் போட்டிருக்கிறதைப் பாத்தனீரே?"

பார்த்தேன். எல்லையில் வந்து நிற்பவர்களை விசாரணை இல்லாமல் திருப்பி அனுப்பவேண்டும் என்று யூட் முகநூலில் எழுதியிருந்தான். கீழே அவனுடைய காங்கிரஸ் உறுப்பினரின் அலுவலக இலக்கம். லைன் பிசி என்றால் விடாதீர்கள், திரும்ப எடுங்கள் என்றும் போட்டிருந்தான். கேட்டதற்கு, தன்னுடைய விசயம் வேறு, தன்னை லோயர்தான் வெளியே எடுத்துவிட்டவர் என்று அக்காவிடம் சொன்னானாம்.

"அந்த மனுசியின்ர பக்கத்தை அவனுக்கு அனுப்பிவிடும் தம்பி. அந்தச் சனம் எழுதினதை ஒருக்கா வாசிக்கட்டும்."

தேடினேன். தக்காளிக்காரி எப்போதோ எழுதுவதை நிறுத்தியிருக்கிறார். பதிவுகளை வைத்திருந்த கம்பனியும் மூடிவிட்டது. அக்கா எழுதியது, அப்பாவின் பெயர், லைன் பிசி என்று எழுதிய அத்தனை பேர், ஒன்றும் இல்லை. அக்காவுக்கு எடுத்துச் சொன்னேன்.

"ஒண்டுமே இல்லையோ?"

"இல்லை அக்கா."

"அப்ப அவனுக்காக ஆர் ரெலிபோன் எடுத்தது எண்டு இனி எதைக் காட்டிச் சொல்லுறது?"