காசிம் கடையில் நான் பிடுங்கிய பென்டிரைவ்

திருவொற்றியூரில் கல்யாணப் போட்டோ எடுப்பவன் நான். ஒரு கல்யாணத்தின் படங்களையெல்லாம் லேப்டாப்பில் ஏற்றிவிட்டு, கேமரா கார்டை அழித்துவிட்டேன். மறுநாள் லேப்டாப் திறக்கவே மாட்டேன் என்றது. வேறு பிரதி கிடையாது. பெண்ணின் அண்ணன்களோ துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள்.

டோல்கேட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் தோஸ்து காசிமிடம் ஓடினேன். அவன் ஒரு பென்டிரைவைச் செருகினான். முன்பின் பார்க்காத திரை ஒன்று வந்தது. என் ஃபோல்டர் ஒன்றையும் காணோம்.

"இது லினக்ஸ் மாமு, விண்டோஸ் மாதிரி வேற சிஸ்டம். பென்டிரைவுலேர்ந்தே ஓடுது. உன் படம்லாம் ஹார்ட் டிஸ்க்ல பத்திரமா கீது, காப்பி எடுத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு டீ வாங்கப் போனான்.

காப்பியா? அவன் மச்சானும் போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. என் படங்கள் இந்தப் பென்டிரைவில் ஏறி அங்கே போய்விட்டால்? வெடுக்கென்று பென்டிரைவைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டேன். திரை அப்படியே உறைந்துபோனது. நானும்தான்.

காசிம் டீயோடு வந்தான். "இன்னா மாமு, ஓடுற ரயில்ல இன்ஜினைக் கழட்டிக்கினு கீறே?"

"கை பட்டுடுச்சி நைனா."

"கை பட்டா பாக்கெட்டுக்குள்ளயா போவும்?"

மறுபடி செருகி, ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து காட்டினான். மணப்பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மச்சானை நினைத்துப் பயந்ததை அவனிடம் இன்னும் சொல்லவில்லை. இப்போதெல்லாம் அவன் கடையில் கையைக் கட்டிக்கொண்டுதான் உட்காருகிறேன். சந்தேகம் இருக்கத்தான் செய்கிறது, என் கை மேல்.