மதியக் கோடு

அன்று காலை வகுப்பில் இருந்தவர்கள் பதினேழு பேர். கர்ணத்தின் பிள்ளைகள் இருவர், மளிகைக்கடை வீட்டு இரட்டையர், மணியக்காரரின் பேரன், சொந்த நிலத்தில் பயிர் வைக்கிற வீட்டுப் பையன்கள் பன்னிரண்டு பேர். இல்லாதவர்கள் இருபத்து நான்கு பேர். கூலிக்காரர்கள் இருக்கிற தெற்குத் தெருவின் பிள்ளைகள், ஒருவர் பாக்கியில்லாமல். அவர்கள் எங்கே என்று நான் யாரையும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை உடைக்கிற மிஷின் விடிந்ததிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. பதிவேட்டில் மட்டும் நாற்பத்தொரு பேரும் வந்திருந்தார்கள்.

பெருமுக்கல் மலை தெரிகிற ஊர் அது. மிஷினும் பள்ளிக்கூடமும் ஒருவருக்கே சொந்தம். பள்ளிக்கூடத்துக்கு அவர் மேனேஜர். பள்ளிக்கு வருகிற பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் சர்க்கார் கிராண்ட் பணம் வரும். மல்லாட்டை அறுவடை முடிந்ததும் அந்தப் பிள்ளைகள் அவருக்கு மிஷினில் வேண்டும், பருப்புப் பொறுக்க, கூடை சுமக்க. அதே பிள்ளைகள் அதே நாளில் பதிவேட்டிலும் வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கித் தருவதுதான் என் வேலை என்பது சேர்ந்த மூன்றாம் மாதத்தில் எனக்குப் புரிந்தது.

"கோடு போடுறதுக்கு உனக்குக் கை வலிக்குதா வாத்தியாரே? கோடுதான? வட்டமா போடச் சொன்னேன்?" என்று மேனேஜர் சிரிப்பார்.

காலையில் வந்தால் சாய்வாக ஒரு கோடு. மதியம் வந்தால் அதன் குறுக்கே இன்னொன்று. இரண்டும் சேர்ந்து பெருக்கல் குறி. முதலில் மனம் கூசியது. பிறகு காலையிலேயே இரண்டு கோட்டையும் போட்டு மூடிவைத்துவிடுகிற அளவுக்குப் பழகிப்போனது.

நான் கண்டாச்சிபுரத்துப் பக்கம். எங்கள் வீட்டில் சிலேட்டுப் பலகை பிடித்த முதல் ஆள் நான்தான். அப்பா அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டினார். மாதம் நான் அனுப்பும் மணியார்டரில்தான் இரண்டு தங்கைகளுக்கும் கேப்பை வாங்கினார்கள். நான் வேலையில் சேர்ந்த அன்றே என் டிரெயினிங் சர்டிபிகேட்டை மேனேஜர் வாங்கி இரும்புப் பெட்டியில் வைத்துவிட்டார். "பத்திரமா இருக்கட்டும்" என்றார். விழுப்புரம் ஜங்ஷனில் குமாஸ்தா வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவரிடம் போய்ச் சர்டிபிகேட்டைக் கேட்டேன். "வருஷம் முடியட்டும்" என்றார். எந்த வருஷம் என்று சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

அன்று மூன்று மணி இருக்கும். ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தபோது மிஷின் சத்தம் திடீரென்று நின்றது. பதினேழு பிள்ளைகளும் தலையைத் தூக்கினார்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் ஒரு பெண்பிள்ளையின் அலறல்.

தெற்குத் தெருவின் நாலாம் வகுப்புப் பெண். பதினோரு வயது. மனக்கணக்கில் கர்ணத்தின் மகனை முந்துகிறவள். மிஷின் பெல்ட்டுக்குப் பக்கத்தில் சிதறிய பருப்பை வாரப்போய் வலது கையைக் கொடுத்துவிட்டாள். வண்டி கட்டித் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கையைக் காப்பாற்றினார்கள். சுட்டுவிரலும் நடுவிரலும் போய்விட்டன.

அவளுடைய தாய்மாமன் விழுப்புரத்தில் ரயில் பாதை வேலை பார்ப்பவர். நாலு இடம் பார்த்தவர். "மிஷின்காரன் நஷ்டம் கட்டித்தான் ஆவணும், மனு போடு" என்று சொல்லிவிட்டுப் போனார். போட்டார்கள். மேனேஜர் ஒரே பதில்தான் சொன்னார். "அந்தப் பொண்ணு அன்னைக்கு மிஷினுக்கே வேலைக்கு வர்ல. பள்ளிக்கூடத்துல இருந்துச்சு. வேணும்னா ரிஜிஸ்டரைப் பாருங்க."

விசாரணைக்கு ஓர் அதிகாரி வருவதாக நாள் குறித்தார்கள். அதற்கு இரண்டு நாள் முன்பு மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார்.

"ரிஜிஸ்டர்ல இருக்கிறது யார் கையெழுத்து? என்னுதா?"

"என்னுதுங்க."

"பொய்க் கோடு போட்டேன்னு நீயே சொன்னா உனக்கு எந்த ஊர்லயும் சாக்பீஸ் குடுப்பானா? யோசிச்சிக்கோ. நான் ஒண்ணும் மெரட்டலப்பா."

மறுநாள் பெண்ணின் அப்பா வந்தார். வாசலிலேயே நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"வாத்தியாரய்யா, நீங்க ஒண்ணும் கூடுதலா சொல்லவாணாம். உள்ளத சொன்னா போதும். நாங்க சொன்னா எடுபடாது. நீங்க படிச்சவங்க."

நானும் அவரைப் போன்ற ஒருவரின் மகன்தான். அதைச் சொல்லவில்லை. "பாக்கலாம்" என்றேன்.

இரண்டு நாளும் வேறு நினைப்பே இல்லை. உண்மையைச் சொன்னால் என் வேலை போகும், தங்கைகள் பட்டினி. மறைத்தால் அந்தப் பெண்ணுக்கு ஒரு தம்பிடி வராது. சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தபோதுதான் வழி தெரிந்தது. அடிபட்டது மதியம்தானே? காலையில் வந்தாள், மதியம் வரவில்லை, மதியக் கோட்டை முன்கூட்டியே போட்டது என் கவனக்குறைவு என்று சொல்லிவிட்டால்? சின்னத் தப்பு. எச்சரிக்கையோடு போய்விடும். மிஷினில்தான் அடிபட்டாள் என்பதும் நிற்கும். இரண்டு பக்கமும் பிழைத்தது என்று நினைத்தேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு அன்று நன்றாகத் தூங்கினேன்.

விசாரணை பள்ளிக்கூடத்திலேயே நடந்தது. அதிகாரி என் நாற்காலியில் உட்கார்ந்தார். கட்டுப்போட்ட கையோடு பெண் அப்பாவை ஒட்டி நின்றாள்.

"இந்தப் பொண்ணு அன்றைக்கு வந்திருந்தாளா?"

"காலையில் வந்திருந்தாள் சார். மதியம் வரவில்லை. மதியக் கோட்டையும் காலையிலேயே போட்டுவிட்டேன். என் தப்பு."

அவர் எழுதிக்கொண்டார். மேனேஜர் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு மெல்ல மலர்ந்தது. நான் பார்க்காத ஒன்றை அவர் பார்த்துவிட்டார்.

"அதாங்க நானும் சொல்றேன். மிஷின்ல வேலை பாக்குற ஆளுங்க காலையில ஆறு மணிக்கே பேர் குடுக்கணும். காலையில பள்ளிக்கூடத்துல இருந்த பொண்ணு எப்டிங்க என் கூலி ஆளாவும்? மத்தியானம் நழுவி வேடிக்கை பாக்க வந்திருக்குது. புள்ளைங்கதான? ஓடுற மிஷின்னா ஆசை."

பெண்ணின் அப்பா பதறினார். "எசமான், பொழுது விடியறப்பவே நான்தான் இட்டுக்கினு போய் வுட்டேன். ஒண்ணரையணா கூலிக்கு."

"வாத்தியார் காலையில் பார்த்தேன் என்கிறாரே?" என்றார் அதிகாரி.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்போதுகூட ஒரு வார்த்தை போதும். பதிவேட்டைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன். அந்தப் பெண்தான் பேசினாள். வகுப்பில் பேர் கூப்பிடும்போது பதில் சொல்கிற அதே குரல்.

"நான் வர்லியே, சார்."

"சும்மா இரு" என்றார் அதிகாரி, கோபமில்லாமல். எழுதி முடித்தார். மதியக் கோட்டை மதியம்தான் போட வேண்டும் என்று எனக்கு எச்சரிக்கை. பெண் கூலி ஆள் அல்ல, பள்ளியிலிருந்து நழுவிப்போன பிள்ளை என்பது முடிவு. எல்லோர் முன்னிலையிலும் மேனேஜர் பெண்ணின் அப்பாவுக்குத் தருமமாகப் பத்து ரூபாய் கொடுத்தார். என்னிடம் அவர் முன்னைவிடப் பிரியமாக இருந்தார். சர்டிபிகேட் பெட்டியிலேயே இருந்தது.

மிஷினுக்கு இனி உதவ மாட்டாள் என்பதால் அவளை ஒழுங்காகப் பள்ளிக்கூடம் அனுப்பினார்கள். அவள் பேருக்கு எதிரே நான் போட்ட கோடுகளெல்லாம் அதன் பிறகுதான் உண்மையாயின. இடது கையால் எழுதினாள். என்னிடம் கணக்குக் காட்ட வருவாள். முகத்தைப் பார்க்க மாட்டாள். சிலேட்டை மேசையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பாள்.

நெல் அறுப்பு முடிந்த ஒரு சாயங்காலம் அவள் அப்பா வந்தார். நான் எழுந்து நின்றேன். அவர் சண்டைக்கு வரவில்லை. விழுப்புரத்து மைத்துனர் செலவுக் கணக்குக் கேட்டிருக்கிறார், கூட்டிச் சொல்ல ஊரில் அவருக்கு என்னைவிட்டால் வேறு ஆளில்லை.

"மொத நாள் வண்டிக்கு ஒண்ணரை ரூபா. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில அவ அம்மாளும் அவளும் சாப்ட்டது, நாலு ரூபா நாலணா. அப்பறம் கட்டு மாத்த போய்க்கினு வந்துக்கினு இருந்தமே, அந்த பஸ்ஸு ரெண்டு ரூபா பத்தணா. மனு எழுதனவருக்கு ஒண்ணே முக்கா."

"விழுப்புரம் போனீங்களே?"

"ஆமா, ரயிலுக்கு ஒண்ணேகால். தைலம், மருந்து ரெண்டு ரூபா."

"மனு போட்டதற்காக மேனேஜர் உங்களுக்கு வேலை கொடுக்காமல் நிறுத்தி வைத்தாரே, அந்தக் கூலி?"

"அத எப்டிங்க கணக்குல போடுறது. வுடுங்க."

பதின்மூன்று ரூபாய் ஆறணா என்று கூட்டினேன்.

"அந்தப் பத்தைக் கழிச்சிடுங்க" என்றார்.

கழித்தேன். இரண்டாம் தடவையும் சரிபார்த்துவிட்டுச் சொன்னேன். மூன்று ரூபாய் ஆறணா.